கணிதம் படிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. எனக்குக் கணிதம்தான் படிக்க வேண்டும். பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் செலவு முழுக்கக் கடன்தான். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரியில் அதில் நான்கில் ஒரு பங்குதான் ஆகும். “கணக்குப் படித்து எவ்வளவு சம்பாதிப்பாய், கடனை எப்படி அடைப்பாய்?” என்கிறார் அப்பா. என்ன சொல்வது?

பதில்: அப்பா கேட்பது நியாயமான கேள்வி. ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம்.

மொத்தக் கடன் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொகை எவ்வளவோ அதற்கேற்பப் பெருக்கிக்கொள்ளுங்கள். வருடத் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகப் பணம் வருகிறது, வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம். இந்த நான்கு வருடமும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அது அசலோடு சேர்ந்தால், தவணை தொடங்கும்போது கடன் சுமார் 1,33,500 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 1,764 கட்ட வேண்டும். முடிவில் நீங்கள் கட்டியிருப்பது 2,11,700, அதாவது வாங்கியதில் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நான்கு வருடமும் வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவிட்டால், அதையும் சேர்த்து மொத்தமே 1,88,600-தான் வரும். வீட்டில் முடியுமென்றால் இதை அவசியம் செய்யுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். தவணை தொடங்கும்போது நிற்கும் கடன், முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால், மேலே போட்ட வட்டிக்கு மாதச் சம்பளத்தில் 16 சதவீதம் தவணைக்குப் போகும், சமாளிக்கலாம். கடன் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் 32 சதவீதம் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கழுத்தை நெரிக்கும்.

ஆனால் எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கணிதம் படித்தவர்கள் பள்ளி ஆசிரியர், காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி (இழப்பு வாய்ப்புகளைக் கணக்கிட்டுச் சொல்பவர்), மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, நிதி நிறுவனம் என்று பல திசைகளில் போகிறார்கள். அவர்களுடைய வருமானமும் அப்படியே சிதறிக் கிடக்கும். ஒன்பது பேர் ஆளுக்கு 1 பங்கும், பத்தாவது ஆள் 5 பங்கும் சம்பாதித்தால் சராசரி 1.4. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட 1.4-ஐப் பார்த்ததில்லை! அதனால் கல்லூரி சொல்லும் சராசரியை விட்டுவிடுங்கள். சம்பள வரிசையில் கீழ்க் கால்பகுதியில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று கேளுங்கள். ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பயிற்சிப் படிப்புக்கான செலவையும் அந்த வருடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி ஆசை இருந்தால் கணக்கு இன்னும் மாறும். கணித முனைவர் படிப்புக்குப் பல நாடுகளில் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்தத் தொகை ஒருவர் சாப்பிட்டு வாழத்தான் போதும். நாலைந்து வருடம் அதிலிருந்து பழைய கடனுக்குத் தவணை கட்டுவது பெரிய பாடு. கடனுக்காகவே ஆராய்ச்சியை விட்டு, கிடைத்த வேலைக்குப் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

கடன் எந்த வகை என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கட்ட வேண்டும். இங்கிலாந்திலும் பட்டப்படிப்புக் கடனுக்கு வரம்புக்கு மேல் வரும் வருமானத்தில் 9 சதவீதம்தான் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட கடனில் வேலை இல்லாத மாதம் பயமுறுத்தாது. வங்கிக் கடன் அப்படியில்லை, சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் தவணைத் தேதி வந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், கணிதத்துக்குப் பெரிய கடன் வேண்டாம் என்பேன். விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் தேவைப்படாத படிப்பு இது. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் எந்த வகுப்பறையிலும் ஒன்றுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் கூடுதலாகக் கிடைப்பது கெட்டிக்காரச் சக மாணவர்களும், தேடிவரும் நிறுவனங்களும், ஆராய்ச்சிக்குப் பரிந்துரை எழுதும் பேராசிரியர்களும். அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உதவித்தொகையோடு முதுகலைக்குப் போனாலும் அது கிடைக்கும். பக்கத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கற்றுக்கொள்ளுங்கள். ஆக்சுவரி தேர்வுகளில் முதல் ஒன்றிரண்டைப் படிக்கும்போதே எழுதலாம்.

அப்புறம் ஒன்று. பட்டம் முடிக்காமல் கடனோடு வெளியே வருவதுதான் மிக மோசமான நிலை. அதனால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். பள்ளியில் விடை கண்டுபிடிப்பதுதான் கணிதம், பட்டப்படிப்பில் நிரூபிப்பதுதான் கணிதம். இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்பதற்கான நிரூபணத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு அதையே மூன்றுக்குச் செய்யுங்கள். நான்குக்கு ஏன் அந்த நிரூபணம் செல்லாது என்று தேடுங்கள். அந்தத் தேடலில் ஒரு மாலை போனதே தெரியாவிட்டால், தயங்காமல் கணிதத்தில் சேருங்கள்.

சேர்வதற்கு முன், பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். கடன் பாதியாகக் குறைந்து, கீழ்க் கால்பகுதிச் சம்பளத்துக்குள் அடங்கினால் அங்கேயே போகலாம். அதுவரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.