நெடும்பாதையில் நடப்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும்? ஓய்வு நாள் எடுப்பது நேர விரயம்தானே?

தம்பி கேட்டிருப்பது நியூசிலாந்தின் தே அராரோவா பாதையைப் பற்றி. வாரக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும், நடுவில் ஊருக்குள் போய் ஓய்வு நாள் என்று உட்காராமல் தினமும் நடந்தால் சீக்கிரம் முடித்துவிடலாமே என்கிறார். முதல் பாதிக்கு மட்டும் பதில் எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பாதி சுருக்கென்று குத்தியதால் பதில் நீண்டுவிட்டது.

நான் மலேசியாவில் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்காரி. தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறகு பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தவள். 55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் எங்கள் வரிசையில் ஆளாளுக்குப் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டினார்கள். நான் அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு நியூசிலாந்தின் தென் தீவை நடந்தேன். வடக்கே ஷிப் கோவ் என்ற கடலோரத்தில் படகில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து தெற்குக் கோடியில் பிளஃப் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். முழுப் பாதை வட தீவின் கேப் ரெயிங்காவில் தொடங்குகிறது, சுமார் 3,000 கிலோமீட்டர். 2011-இல்தான் திறந்தார்கள். பாதி நடந்துவிட்டு முழுப் பாதைக்குப் பதில் சொல்கிறாள் என்று யாராவது எழுதினால் எழுதட்டும். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமல், இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி மூன்று மாதம் அங்கே இருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்கும் எங்கள் முழங்கால்களுக்கும் பாதிதான் கட்டுப்படியானது.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் இளவயதுப் பிள்ளை, எக்செல்லில் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று போட்டு வகுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். என் நாத்தனாரும் அப்படித்தான் வகுத்தாள். வங்கியில் வேலை பார்த்தவள். முதல் சில நாள் குவீன் சார்லட் பாதையில் அவள் கணக்கு சரியாக வந்தது. பாதை அகலம், பக்கத்திலேயே கடல், ஏற்றமும் தாங்கக்கூடியது. அடுத்து ரிச்மண்ட் மலைத்தொடர். அங்கே காலையில் கிளம்பிச் சாயங்காலம் வரை வேரிலும் பாறையிலும் ஏறி இறங்கினால் பதினைந்து கிலோமீட்டர் தேறினாலே பெரிய விஷயம். எக்செல் தாள் அதோடு பைக்குள் போய்விட்டது. நடுவில் கடையும் கிடையாது. எட்டு, பத்து நாள் சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டுதான் அந்த மலையில் ஏற வேண்டும்.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன்.

விடியற்காலையில் எழுந்தவுடன் முதல் வேலை ஈரக் காலுறையை மாட்டுவது. ஆற்றைக் கடக்கும்போது சப்பாத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்பதால் எல்லாரும் அப்படியே இறங்கி நடப்பார்கள். அதனால் கால் காய்வது ராத்திரியில் மட்டும்தான். குளிரில் அந்தக் காலுறைக்குள் கால் விரலை நுழைக்கும் அரை நிமிடத்தைத்தான் நான் தினமும் வெறுத்தேன், மலை ஏற்றத்தை இல்லை. அப்புறம் சாப்பாடு. கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடையில் அவல் வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தோம். பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து மைலோவும் பால்மாவும் போட்டால் காலைப் பலகாரம். அடுப்பே மூட்ட வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஓட்ஸ் காய்ச்சி முடிப்பதற்குள் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

பகல் முழுக்க நடைதான், அதில் சொல்ல அதிகம் இல்லை. கோடையில் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும், எனவே இருட்டிவிடுமோ என்ற பதற்றம் வேண்டாம். உட்கார்ந்து இளைப்பாறலாம் என்றால் மணல் ஈ விடாது. கொசுவைவிடச் சின்னது. நடந்துகொண்டே இருந்தால் அண்டாது, நின்றால் கணுக்காலில் கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். கடித்த இடம் பல நாளைக்கு அரிக்கும். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டை நடந்துகொண்டே சாப்பிடப் பழகினோம்.

சாயங்காலம் குடில். அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை கட்டியவை, முன்பணம் கட்டிப் பாஸ் வாங்கிக்கொண்டால் பெரும்பாலானவற்றில் தங்கலாம். பலகைக் கட்டில், மெத்தை, கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டி, பல இடங்களில் விறகடுப்பு, வெளியே குழிக் கழிப்பறை, அவ்வளவுதான். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், எங்கிருந்து வருகிறோம், நாளைக்கு எங்கே போகிறோம் என்று எழுத வேண்டும். ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். தங்காமல் கடந்து போனாலும் எழுதுங்கள். சாப்பாட்டுப் பையை ஆணியில் தொங்கவிடுங்கள், எலி வரும். எட்டரைக்கெல்லாம் எல்லாரும் குறட்டை.

இதில் ஓய்வு நாள் எங்கே வருகிறது? இரண்டு விதமாக வரும். ஒன்று நாமே எடுப்பது, இன்னொன்று மழை கொடுப்பது.

மழை கொடுத்ததை முதலில் சொல்கிறேன். ஹார்ப்பர் கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால் டாரமகாவ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லாக் ஸ்ட்ரீம் என்று ஒரு குடில். அங்கே இருக்கும்போது வடமேற்கிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை நம் ஊர் மழைக்குக் குறைந்ததில்லை. அடுத்து நடக்க வேண்டியது ஆற்றோரமாக, பல இடங்களில் ஆற்றுக்குள்ளேயே. அதற்கும் அப்பால் டிசெப்ஷன் ஆறு, அதைத் திரும்பத் திரும்பக் கடந்துதான் கோட் கணவாய்க்கு ஏற முடியும்.

நாத்தனார் காலையில் பையைக் கட்டிவிட்டாள். "அண்ணி, கிளம்பலாமா? உட்கார்ந்தா ஒரு நாள் போயிடும்."

"போகட்டும். நீ போய் விறகு கொண்டா."

"மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு அண்ணி."

"ஆத்துச் சத்தத்தைக் கேளு. கல்லு உருளுது."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கூடத் தங்கியிருந்த நெதர்லாந்துப் பையன் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். மத்தியானத்துக்கு முன்னால் இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தான். நல்ல பிள்ளை, திரும்பி வரத் தெரிந்திருந்தது. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றிக் காலுறை காயப்போட்டு, நாத்தனார் அவனுக்கு உருளைக்கிழங்கு மாவில் மசாலாத்தூள் கலந்து கொடுத்தாள். அந்த மலையாறுகள் மழையில் எவ்வளவு வேகமாக ஏறுமோ, விட்டதும் அவ்வளவு வேகமாக இறங்கிவிடும். முந்தின நாள் காப்பி நிறத்தில் ஓடிய தண்ணீர் மழை நின்ற பிறகு அடியில் கல் தெரியத் தெளிந்துவிட்டது. முழங்கால் அளவில் கடந்தோம்.

எனக்கு அங்கே உட்காரத் தெரிந்ததற்கு அம்மாதான் காரணம். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன்னால், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால் நாலு மணிக்கே எழுவார். எழுந்ததும் லயத்துக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் சேர்ந்துவிடும். அன்றைக்குப் பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது, கிடையாது, கூலியும் கிடையாது. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் கொடுக்க வேண்டும் என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் தினக்கூலிக்காரருக்கு அந்த நாளுக்கும் காசு வராது. கூலி போச்சே என்று முணுமுணுப்பார், திரும்ப வந்து படுத்துக்கொள்வார். ஆனால் நனைந்த மரத்தில் கத்தி வைக்க மாட்டார். எனவே ஓய்வு நாள் என்றாலே விரயம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது, என்ன செய்ய.

காசு செலவழித்துக் கஷ்டப்படப் போனவள் தோட்டத்துப் பாடுகளை இதில் இழுக்கிறாளே என்று கருத்துப் போடத் துடிப்பவர்களுக்கு: இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அம்மா பிழைப்புக்கு நடந்தார், நான் ஆசைக்கு நடந்தேன். மழையில் எப்போது உட்கார வேண்டும் என்பது மட்டும் அவரிடம் படித்தது.

இனி நாமே எடுக்கும் ஓய்வு நாள். ஒரு கிலோமீட்டர்கூட நடக்காத நாளை அங்கே சீரோ என்பார்கள். படுத்துக் கிடக்கிற நாள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எங்களுக்கு அதைவிட வேலை அதிகமான நாள் கிடையாது. பாயில் என்ற இடத்தில் பாதை பெருஞ்சாலையைத் தொடும். அங்கே கட்டைவிரலைக் காட்டி நின்றால் யாராவது காரில் ஏற்றி ஹான்மர் ஸ்பிரிங்ஸில் விடுவார்கள். இரண்டு இந்தியப் பெண்மணிகள் சேறும் சகதியுமாக நிற்பதைப் பார்த்து ஒரு கார் கடந்து போய்ப் பின்னால் வந்து ஏற்றிக்கொண்டது. ஹான்மரில் வெந்நீர் ஊற்றுக் குளம் உண்டு, எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். எங்களுக்கு அதற்கு முன்னால் துணி துவைக்கும் இயந்திரம்தான் தேவையாக இருந்தது. எல்லாத் துணியும் உள்ளே போக வேண்டும் என்பதால் மற்றவர்கள் மழைச்சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு நெளிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பாத்தேக் சாரோங்கை மார்பு வரை கட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் குளிக்கப் போகிற மாதிரி நிம்மதியாக நின்றோம். சாரோங் கட்டாயம் எடுத்துப் போங்கள் தம்பி. துண்டு, போர்வை, உடை மாற்ற மறைப்பு எல்லாம் அதுவேதான். அதன் எடையைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

அப்புறம் கூடாரத்தை வேலியில் காயப்போட வேண்டும். கைப்பேசிக்கும் மின்கலத்துக்கும் மின்னேற்ற வேண்டும், பிளக் துளைக்குத் தங்குமிடத்தில் வரிசை நிற்கும். அடுத்த கட்டத்துக்கு எத்தனை வேளை என்று எண்ணிச் சாமான் வாங்கி, அட்டைப் பெட்டிகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுச் சின்னப் பைகளில் மாற்ற வேண்டும். கால் நகம் வெட்டி, கொப்புளத்தை உலர விட்டு, மறுபடி ஒட்டுத்துணி சுற்ற வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சாப்பாடு. அதைப் பற்றி எழுதினால் வெட்கமாக இருக்கும். ஒரு முழு ரொட்டியும் வெண்ணெயும் காணாமல் போனது என்று மட்டும் சொல்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒரு ஓய்வு என்று கேட்டால், ஒவ்வொரு தடவை சாமான் வாங்க ஊருக்கு இறங்கும்போதும் முழு நாள் தேவையில்லை. காலையில் ஊருக்கு வந்து, வேலையை முடித்துத் தூங்கி, மறுநாள் மத்தியானம் கிளம்பினாலே பாதி அலுப்பு போய்விடும். கெண்டைக்காலில் இழுவை, கணுக்காலில் வீக்கம் என்றால் மட்டும் முழு நாள் எடுங்கள், அடுத்த நாளும் தேவைப்பட்டால் அதையும் எடுங்கள். ஆனால் செலவு முழுக்க ஊரில்தான். காட்டில் காசு செலவழிக்க வழியே இல்லை, ஊரில் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் கரைந்துவிடும். பட்ஜெட் போடும்போது நடக்கும் நாளைவிட நடக்காத நாளுக்கு அதிகம் ஒதுக்குங்கள். இன்னொன்று, ராக்காயா, ரங்கிதாதா என்ற இரண்டு பெரிய ஆறுகளை நடந்து கடப்பது பாதையில் சேர்த்தியே இல்லை. சுற்றிச் சாலை வழியாகத்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அதையும் குறுக்கு வழி என்று நினைத்து வெட்கப்படாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பயிற்சிக்காக ஐந்து கிலோ அரிசிப் பைகளை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் பட்டணத்தில் நடந்தேன். நடக்க இடம் எங்கே இருக்கிறது? கடைவீதியில் அஞ்சடி என்று ஒன்று கட்டியிருப்பதே வெயில் மழையில் மக்கள் நடப்பதற்காக. அதில் மோட்டார்சைக்கிள், மேசை நாற்காலி, கேஸ் சிலிண்டர், தள்ளுபடி துணித் தொட்டி. ஒரு கடைக்காரரிடம் கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா என்று கேட்டால், அக்கா நீங்க ரோட்டுல இறங்கிப் போகலாமே என்கிறார். ரோட்டில் லாரி. தோட்டத்துப் பக்கம் போனால் நாய். இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "என்னக்கா, காரை பேங்க்ல இழுத்துட்டாங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை, நடக்கிறேன் என்றேன். நம்பவில்லை என்று பிறகு ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது. நியூசிலாந்து மலையில் விழுந்து எழுந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, எங்கள் கடைவீதியை ஒரு மூட்டையோடு கடப்பதுதான் இன்றைக்கும் சாதனை.

கடைசியாக இரண்டு விஷயம். விமான நிலையத்தில் சப்பாத்து, கூடாரம், சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம் போடுவார்கள். எங்கள் சப்பாத்தின் அடியில் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. அதிகாரி உள்ளே எடுத்துப் போய்க் கழுவி, புதிதாக வாங்கியதுபோலத் திருப்பிக் கொடுத்தார். பாதையில் வரும் ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலையூரில் ஓய்வு எடுத்தால் ராத்திரி அந்தச் சப்பாத்தை வாசலில் விடாதீர்கள். கேயா என்று ஒரு மலைக்கிளி உண்டு, கயிற்றைக் கடித்து, ஒற்றைச் சப்பாத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.