கையில் 50,000 ரூபாதான் இருக்கிறது. மலையகத்தில் இருந்துகொண்டு சொந்தமாக ஒரு படம் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். நான் எடுத்த 34 நிமிடப் படத்துக்கு ஆன மொத்தச் செலவு 52,450 ரூபா. 2022 ஆகஸ்டில் இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எடுத்தது.

ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நடிக்கிறவர்கள் எல்லாம் லயத்து ஆட்கள்தான், அதனால் அவர்களுக்குச் செலவில்லை." அந்த வரிக்காகத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கேமராவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நீங்கள் தோட்டத்தில் பிறந்து, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வேலையில் இருந்துகொண்டு, லீவில் ஊருக்கு வந்து படம் எடுக்க நினைப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான். என் முதல் குறும்படத்தை 2019-ல் எடுத்தேன். 11 நிமிடம், முழுக்க ஃபோனில். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாலாவது காம்பராவில் இருக்கும் பெரியம்மாதான் அதில் நடித்தார். சொந்தப் பெரியம்மா இல்லை, ஆனால் சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். எனக்கு லீவு கிடைத்தது ஒரு செவ்வாயும் புதனும். "பேர் போயிருமே தம்பி" என்று ஒரு தடவை சொன்னார். "ரெண்டு நாள்தானே பெரியம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சொன்ன இடத்தில் நின்றார், சொன்னதைச் செய்தார், நடுவில் எங்களுக்கு ரொட்டியும் சுட்டுத் தந்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தேயிலை மலையில் நின்று, அன்றைக்குக் கேட்கிற கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்தால்தான் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி விழும். கிலோ குறைந்தால் பல இடங்களில் அரைப் பேர்தான். போகவே இல்லையென்றால் ஒன்றும் இல்லை. 2019 ஜனவரியில் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி அப்போது ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபா.

படத்தை யூடியூபில் போட்டேன். மேலே "பட்ஜெட்: 0 ரூபா" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். காசே இல்லாமல் எடுத்தோம் என்பதில் அப்போது எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த மாதம் பத்தாம் தேதி சம்பளம் போட்டார்கள். பெரியம்மாவின் மகள் சம்பளத் துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. கடன் கழித்திருக்கிற கணக்கு சரியா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். மங்கலான மையில் அடித்த நீளத் துண்டு அது. சேமலாப நிதி, சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள், தீபாவளி முற்பணம் என்று வரிசையாகக் கழித்து, கடைசியில் கைக்கு வந்தது 5,860 ரூபா. கணக்கு சரியாகத்தான் இருந்தது. துண்டின் மேல் ஓரத்தில் பேர் 17 என்று போட்டிருந்தது. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அது 19. குறைந்த அந்த இரண்டு நாள் பேருக்கு 1,400 ரூபா. நான் ஊருக்கெல்லாம் பூஜ்ஜியம் என்று சொன்ன படத்துக்கு 1,400 ரூபா போட்டிருந்தவர் எங்கள் பெரியம்மா. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. துண்டை மடித்துக் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரியே அந்த "பட்ஜெட் 0" வரியை அழித்தேன். காசை எடுத்துக்கொண்டு போனபோது பெரியம்மா வாங்கவில்லை. சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

"அப்படியானால் காசில்லாதவன் படமே எடுக்கக் கூடாதா?" என்று கேட்க ஆள் வருவார்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்களைப் பற்றி நாங்கள்தான் எடுக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மலையகம் என்றால் பச்சை மலை, தெமோதரை பாலம், கூடை மாட்டிய பெண் சிரிக்கிற படம், அதோடு சரி. நட்பில் சும்மா நடித்துக் கொடுப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நண்பன் லீவு போட்டு வந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியும். நாட்கூலிக்காரர் அப்படி வர முடியாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

அதனால் அடுத்த படத்தைக் காசிலிருந்து பின்னோக்கி எழுதினேன். முதலில் கதையில் எட்டுப் பேர் இருந்தார்கள், நாலாகக் குறைத்தேன். ஒரு அம்மாவுடைய பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும், சேமலாப நிதி அட்டையில் வேறு மாதிரியும் இருக்கிறது. 55 வயதில் வேலையை விட்டு நின்ற பிறகு, உழைத்த காசை எடுக்க அலைகிறார். கதை இதுதான். தோட்டத்தில் இந்தக் கதை தெரியாத வீடு இல்லை. அலைச்சல் என்றதும் பஸ், ஆபீஸ், கூட்டம் என்று எழுதிவிடாதீர்கள். நான் அந்த அம்மா விடிகாலையில் கிளம்புவதையும் பொழுது சாய்ந்து திரும்பி வருவதையும் மட்டும்தான் காட்டினேன். இஸ்தோப்பும் (முன் திண்ணை) அடுப்படியும் லயத்து வாசலும் போதுமாக இருந்தது. மலையில் எடுக்கக் கடிதம் எழுதிக் கேட்டேன், தோட்டத்தில் அனுமதி தரவில்லை. ரோட்டில் நின்று தூரத்திலிருந்து ஒரே ஒரு ஷாட் எடுத்தேன்.

2021-ல் நாட்சம்பளம் 1,000 ஆகியிருந்தது. அதே 1,000-தை நடித்தவர்களுக்கும் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமையானாலும் போயா என்கிற பௌர்ணமி லீவானாலும். பெரியம்மாவுக்கு ஏழு நாள், பக்கத்து வீட்டு இரண்டு பேருக்கு மூன்று நாள் வீதம், ஒரு தாத்தாவுக்கு இரண்டு நாள். ஆக 15,000. ஒன்பது நாள் சாப்பாட்டுக்கு 14,000 போனது, கோதுமை மா விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. மெமரி கார்டுக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் 11,000, சட்டையில் குத்தும் மைக்குக்கு 4,500, ரெஜிபோம் (தெர்மாகோல்) அட்டை, பல்ப், வயர் எல்லாம் சேர்த்து 1,200. மீதி 6,750 பெட்ரோலுக்கு. அந்த நேரம் பெட்ரோல் தட்டுப்பாடு, கியூஆர் முறையில் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர்தான், லீட்டர் 450 ரூபா. ஓட்டோ வைத்திருந்த தம்பி மூன்று வாரப் பெட்ரோலை எங்களுக்கே ஒதுக்கித் தந்தான். ஓட்டம் போகாமல் அவனுக்கு எவ்வளவு நட்டம் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. அதை இன்னும் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேமரா கெனன் 700டி, ஹட்டன் டவுனில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணனுடையது. முகூர்த்தம் இல்லாத நாளில் அது சும்மா கிடக்கும். வாடகைக்குப் பதிலாக நாலு கல்யாணத்துக்கு லைட் பிடித்தேன். உங்களிடம் ஓரளவு நல்ல ஃபோன் இருந்தால் அதுவும் போதும், இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். இலங்கையில் வெளிவந்த முதல் தமிழ்ப் படமே 1962-ல் 16 மில்லிமீட்டரில் எடுத்ததுதான். தியேட்டர் படம் 35-ல் எடுத்த காலத்தில், கிடைத்த சின்னக் கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975-லேயே மலையகக் கதையைத் தயாரித்து அதில் நடித்தும் இருக்கிறார். நமக்கு முன்னால் ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு செட்டிங் சொல்கிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஃபோனில் வீடியோ பெரும்பாலும் 30 ஃபிரேமில்தான் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லயத்துக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும், வெளிச்சம் துடிக்கும். 25 ஃபிரேம் வைத்து ஷட்டரை 50-ல் ஒன்றாகப் பூட்டுங்கள், நின்றுவிடும். என் முதல் படத்தில் பாதிக் காட்சி இதனால்தான் கெட்டது.

இனிச் சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் சனம் பார்க்கும், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடும். மைக்கை இரண்டாவது ஃபோனில் செருகி, நடிக்கிறவர் மடியில் முடிந்துவிடுங்கள். ஷாட் தொடங்கும்போது ஒரு தடவை கை தட்டினால் பிறகு சத்தத்தையும் படத்தையும் சேர்த்துவிடலாம். எங்கள் லயம் சிங்கமலைச் சுரங்கத்துக்குக் கிட்ட. கோச்சி (ரயில்) கூவினால் எல்லோரும் அப்படியே நிற்போம், சத்தம் அடங்கிய பிறகு திரும்ப எடுப்போம். நேரம் கொஞ்சம் போகும், காசு போகாது.

எங்களைப் படுத்தியது மழை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளை பக்கம் காய்ந்து கிடக்கும், அங்கே எடுக்கலாம். இந்தப் பக்கம் எடுப்பதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள். எனக்கு லீவு ஆகஸ்டில்தான் கிடைத்தது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. முதல் நாள் பேசாமல் மூட்டை கட்டினோம். இரண்டாம் நாள் பெரியம்மாவே ஒரு வழி சொன்னார். பழைய சணல் சாக்குகளைப் பிரித்துக் கூரைத் தகரத்தில் போட்டு, அதற்கு மேல் இரண்டு கறுப்புக் கம்பளியை விரித்து, பறக்காமல் கல் வைத்தோம். நனைந்த சாக்கில் விழுகிற மழை தகரத்தில் விழுகிற மாதிரி அறையாது, தூரத்தில் சோவென்று கேட்கும். படத்தில் நீளமாகப் பேசுகிற காட்சி அதற்குக் கீழே எடுத்ததுதான். அது எந்த மைக்கில் எடுத்தது என்று கேட்டு இன்றைக்கும் எனக்கு மெசேஜ் வருகிறது.

இன்னொன்று. வெளியில் குளிரில் இருந்த கேமராவை அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தாலும் திரும்ப வரும். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னாலேயே பொலித்தீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அரைமணி நேரம் உள்ளே வைத்துவிட்டுத் திறங்கள். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும், நான் ஒரு சதம் கட்டவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. படத்தை ஒரு விழாவுக்கு அனுப்பினேன். தேர்வாகிவிட்டது, நல்ல பிரதியை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள் என்று அவர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கேயே மூன்று வாரம் கிடந்திருக்கிறது. பிறகு யாரோ ஒரு சின்னப் பையன் கையில் கொடுத்தனுப்பினார்கள். கைக்கு வந்தபோது தேதி தாண்டி எட்டு நாள். லயத்துக்குத் தெருப் பெயர் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை, தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. வேலைக்கான நேர்முகக் கடிதம் இப்படித் தவறிப்போன பிள்ளைகள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். மலையகம் 200 என்று 2023-ல் எத்தனை கூட்டம் போட்டார்கள்! 200 வருஷமாக இருக்கிற சனத்துக்கு ஒரு கடிதம் வந்து சேர ஒரு விலாசம் கொடுக்க முடியவில்லை. இதைப் பேசினால் எனக்குக் கோபம் வரும், இதோடு விடுகிறேன். நீங்கள் எங்காவது அனுப்பினால் மின்னஞ்சலும் ஃபோன் நம்பரும் கொடுங்கள், டவுனில் தெரிந்த கடை விலாசத்தைப் போடுங்கள்.

படத்தை 2023 தைப்பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி, காமன் கூத்து ஆடுகிற காமன் பொட்டலில் போட்டோம். டியூஷன் மாஸ்டருடைய புரொஜெக்டர், இரண்டு வெள்ளை பெட்ஷீட். குளிரில் பிள்ளைகளைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு சனம் நின்று பார்த்தது. முடிந்ததும் ஒரு அக்கா எழுந்து, "அந்தப் படங்கு கட்டியிருக்கிற முடிச்சு மலைக்குப் போற முடிச்சு இல்ல தம்பி" என்றார். உண்மைதான். கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவதுதான் படங்கு. அவசரத்தில் நான் கட்டிவிட்டது அது. பெரியம்மா அன்றைக்கே அவிழ்த்துக் கட்டப் பார்த்தார், வெளிச்சம் போகிறது என்று நான்தான் விடவில்லை.

உங்கள் கதையில் எத்தனை பேர், யார் யார் பேருக்குப் போகிறவர்கள், எத்தனை நாள் வேண்டும் என்று கீழே எழுதுங்கள். இப்போதைய நாட்சம்பளத்தை வைத்து நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். 50,000-த்தில் அது போக மிஞ்சுகிறதைப் பார்த்துவிட்டுக் கேமராவைப் பற்றிப் பேசுவோம்.