"ஒரு ரூமுக்குள்ள வானம்": அந்த இத்தாலியப் பாட்டு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பாட்டு பேரு "இல் ச்சேலோ இன் ஊனா ஸ்தான்ஸா", 1960, மினா பாடினது. பழைய இத்தாலியப் பாட்டுன்னா எனக்கு பைத்தியம், அதனால தயங்காம கேளுங்க.

கேள்வி: அண்ணா, மொழி சுத்தமா புரியல, ஆனா கேட்டா என்னமோ பண்ணுது. என்னதான் சொல்றாங்க?

பதில்: நீ பக்கத்துல இருந்தா இந்த ரூமுக்கு சுவரே இல்ல, சுத்தி மரமா நிக்குது, மேல இருக்கற ஊதா கலர் சீலிங் காணாமப் போய் வானம் தெரியுது, எங்கயோ வாசிக்கிற மவுத் ஆர்கன் சர்ச் ஆர்கன் மாதிரி கேக்குது. அவ்ளோதாங்க மொத்த பாட்டும். 'காதல்'ங்கற வார்த்தை ஒரு இடத்துல கூட வராது, தேடிப் பாருங்க.

கேள்வி: அதென்ன ஊதா சீலிங், எதுகைக்காகப் போட்டதா?

பதில்: அட இல்லப்பா. எழுதின ஜீனோ பாவ்லி இத்தாலியில ஜெனோவாங்கற ஊர்ல வளர்ந்தவரு, அது ஒரு விபசார விடுதி ரூமோட சீலிங்னு அவரே பின்னாடி சொல்லிட்டாரு. அந்த மாதிரி விடுதிங்கள எல்லாம் 1958ல மெர்லின் சட்டம் போட்டு மூடிட்டாங்க, ரெண்டே வருஷத்துல இந்தப் பாட்டு வருது. கல்யாணத்துல இத போட்டு ஆடுறவங்க கிட்ட தயவுசெஞ்சு சொல்லிராதீங்க 😄

கேள்வி: ஆனா பழைய ரெக்கார்ட்ல எழுதினது மொகோல்னுல்ல போட்டிருக்கு?

பதில்: பாவ்லி அப்போ ராயல்டி வசூல் பண்ற சங்கத்துல மெம்பர் ஆகல, அதனால அவருக்குப் பதிலா பாட்டெழுதறவரான மொகோலும், டோவாங்கும் எழுதினவங்கன்னு கையெழுத்து போட்டாங்க. டோவாங்னா ரெனாட்டோ அஞ்ஜோலினி, புனைபேரு.

கேள்வி: பாவ்லியே பாடினது நல்லாருக்கா, மினாவா?

பதில்: இதுக்கு சண்டையே வரும். பாவ்லி பாடினா காதுகிட்ட முணுமுணுக்கற மாதிரி இருக்கும், கதைக்கு அதான் பொருத்தம்னு கூட சொல்லலாம். ஆனா என் ஓட்டு மினாவுக்கு. அப்போ 20 வயசு, கத்திப் பாடுற ராக் அண்ட் ரோல் பொண்ணுன்னு பேரு வாங்கினவங்க, இதுல அடக்கி ஆரம்பிக்கிறாங்க பாருங்க, பல்லவிக்குத் திரும்பி வர்ற வேலையே கிடையாது, மெட்டு அது பாட்டுக்கு மேல ஏறிக்கிட்டே போகுது, சீலிங் போச்சுன்னு அவங்க சொல்றதுக்குள்ள நமக்கே போயிடுது.

கேள்வி: எங்கயோ படத்துல கேட்ட ஞாபகம்?

பதில்: ஸ்கார்செஸியோட குட்ஃபெல்லாஸ், 1990.

கேள்வி: சார் மன்னிக்கணும், எனக்கு போர் அடிச்சுது.

பதில்: ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஹெட்போன்ல ஒரு தடவ கேளுங்க. அப்பவும் பிடிக்கலன்னா விட்டுருங்க சார், இதுக்கு மார்க்கா போடப் போறாங்க.