காரைக்குடியில் மழைநீர் வடிகாலுக்குள் நண்பர்களோடு இறங்கிப் பார்க்கலாமா?

காரைக்குடித் தெருக்களுக்கு அடியில் செல்லும் மூடிய மழைநீர் வடிகாலுக்குள், கோடையில் நண்பர்களோடு நடந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1986-இல் தொடங்கிய, வடிகால்களுக்குள் சென்று சுற்றிப் பார்க்கும் 'கேவ் கிளான்' குழுவினர்கூட, மழை நாளில் வடிகாலுக்குள் செல்வதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்களில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீர் வடிகாலில் கலந்துவிடுவதால், மழையில்லாத நாளும் ஆபத்தானதே.

அழுகும் சேற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தேங்கும். முதலில் அழுகிய முட்டையைப் போல நாறும் அந்த வாயு, அடர்த்தி கூடும்போது முகரும் திறனையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் குறைந்ததை நல்ல அறிகுறியாக எண்ணி மேலும் உள்ளே செல்பவர் சில நொடிகளில் மயங்கக்கூடும். அவரைத் தூக்க இறங்கும் நண்பரும் அப்படியே விழுவார். இத்தகைய விபத்துகளில் பலர் ஒன்றாக இறப்பது பெரும்பாலும் இதனால்தான். யாரேனும் விழுந்துவிட்டால், பின்னால் இறங்காமல் 112-ஐ அழையுங்கள்.

உங்கள் ஆர்வம் மதிக்கத்தக்கது. செட்டிநாட்டில் அதற்குத் தரைக்கு மேலேயே வழி உண்டு. ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் நீர், தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கும் கண்மாய்க்கும் சேரும்படி இவ்வூர்கள் அமைக்கப்பட்டன. ஐப்பசியில் மழை ஓய்ந்த காலையில், கானாடுகாத்தானின் பெரிய வீடுகள் நிற்கும் தெருவிலிருந்து சரிவைப் பின்பற்றி நடந்து, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பேரூராட்சியிடம் கொடுக்கலாம்.