350 விழுக்காடு சிபியுவா?

கேள்வி: எட்டு கோர் லினக்ஸ் சர்வரில் ஒரே புரோகிராம் 350 விழுக்காடு சிபியு எடுப்பதாக 'டாப்' கட்டளை காட்டுகிறது. எந்தக் கோரில் ஓடுகிறது என்று பார்க்க முடியுமா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பதறாதீர்கள். டாப் கணக்கில் ஒரு கோர், அதாவது சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி, முழுசாக ஓடினால் 100, ஆக மூன்றரை கோர் அளவு வேலை நடக்கிறது. 1-ஐத் தட்டினால் கோர் வாரியாகக் காட்டும்தான், ஆனால் அது மொத்த சர்வரின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது திரெட் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) கணக்கு: பெரிய ஹெச் (H) தட்டுங்கள், அப்புறம் சின்ன எஃப் (f) தட்டி 'பி' (P) பத்தியை ஸ்பேஸ்பாரால் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு திரெட்டும் கடைசியாக ஓடிய கோர் எண் தெரியும். கடைசியாக மட்டும்தான், ஏனென்றால் உணவங்காடியில் இடம் தேடுகிறவர்கள் மாதிரி திரெட்களும் கோர் விட்டுக் கோர் தாவும். ஒரே கோரில் கட்டிப்போட 'டாஸ்க்செட்' இருக்கிறது, காரணமில்லாமல் கைவைக்காதீர்கள். உண்மையில் பார்க்க வேண்டியது, ஏதாவது ஒரு திரெட் மட்டும் 100-ஐ ஒட்டியே நிற்கிறதா என்பதைத்தான்.