வாசகர் கேள்விகள்: இன்ஜின் மவுண்ட் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என் வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், டிஎஸ்ஜி (கிளட்ச் மிதி இல்லாமல் தானே மாறும்) கியர். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி பவரைக் கூட்டுவது) செய்த பிறகு, நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் முன்சக்கரம் குதிக்கிறது. மூன்று மவுண்டையும் பாலியூரித்தேனுக்கு (ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக் வகை) மாற்றச் சொல்கிறார்கள். நானே செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: செய்யலாம். ஆனால் மூன்றும் வேண்டாம், அடியில் இருக்கும் ஒன்று போதும்.

இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கும் தாங்கிகள்தான் மவுண்டுகள், அவற்றுக்குள் இருக்கும் ரப்பர் பகுதி புஷ். மேலே உள்ள வலப்பக்க இன்ஜின் மவுண்ட், இடப்பக்க கியர்பாக்ஸ் மவுண்ட் இரண்டும்தான் எடையைச் சுமக்கின்றன. கியர்பாக்ஸையும் சப்ஃபிரேமையும் (வண்டியின் அடியில் உள்ள துணைச் சட்டம்) இணைக்கும் கீழ்த்துண்டுக்கு (கடையில் 'டாக்போன்' என்று கேளுங்கள்) எடை தாங்கும் வேலை இல்லை. இன்ஜின் முன்னும் பின்னும் ஊசலாடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. டயர் தரையைப் பிடித்ததும் இன்ஜின் சாய்ந்து ரப்பரை நசுக்குகிறது, டயர் வழுக்கியதும் ரப்பர் அதைத் திருப்பித் தள்ளுகிறது. இது மாறி மாறி நடப்பதைத்தான் சக்கரம் குதிப்பதாக உணர்கிறீர்கள். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகள் அடிவாங்கும்.

மேல் மவுண்டுகளைத் தொட வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிக்கும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 750 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் விநாடிக்கு 25 துடிப்பு. இதுவரை ரப்பர் விழுங்கிய அந்தத் துடிப்பு, கடினமான மவுண்ட் போட்டால் ஸ்டீயரிங்குக்கும் டாஷ்போர்டுக்கும் போய்விடும். ஏசி ஓட டிராஃபிக்கில் நிற்கும்போது அதைத் தினமும் தாங்க முடியாது.

பாகம் வாங்குமுன் பழைய மவுண்டுகளைப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி, ஆர் மாற்றி இன்ஜின் அசைவைப் பார்க்கும் பழைய வழி டிஎஸ்ஜிக்கு உதவாது, பிரேக் மிதித்திருந்தால் கிளட்ச் விலகிவிடும். இன்ஜினை அணைத்து, கீழிருந்து கடப்பாறைக் கம்பியால் மெதுவாக நெம்பி, ரப்பரில் கீறலும் விரிசலும் தேடுங்கள். மேல் மவுண்ட் கிழிந்திருந்தால் முதலில் அங்கே புதிய ஒரிஜினல் ரப்பர். கிழிந்த மவுண்டுக்குத் துணையாகக் கடினமான டாக்போன் போடுவது வீண். மெதுவாக ஊர்ந்து போகும்போது மட்டும் அதிர்வு இருந்தால் கிளட்ச்சைச் சந்தேகப்படுங்கள், மவுண்டை அல்ல.

முழு புஷ்ஷை மாற்றாமல், ஒரிஜினல் ரப்பரின் இடைவெளிகளை நிரப்பும் பாலியூரித்தேன் இன்சர்ட் வாங்குங்கள். ரப்பர் போன்ற பொருள்களின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் (எண் கூடினால் கடினம் கூடும்) 70 முதல் 80 வரை இருந்தால் சாலைக்குப் போதும். 95 என்பது ரேஸ் டிராக்குக்கானது.

வேலை ஒன்றரை மணி நேரம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை இரண்டு ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. அடித்தட்டைக் கழற்றி, கியர்பாக்ஸ் அடியில் மரக்கட்டை வைத்து இன்னொரு ஜாக்கியால் லேசாகத் தாங்குங்கள். ஆயில் பேனில் ஜாக்கி வைத்தால் விரிசல் விடும். டாக்போனைக் கழற்றினால் இன்ஜின் கீழே விழாது, சில மில்லிமீட்டர் நகரும், அவ்வளவுதான்.

டாக்போனை எடுத்து, சப்ஃபிரேம் புஷ்ஷின் இடைவெளிகளைத் துணியால் துடைத்து, இன்சர்ட்டுடன் வரும் சிலிகான் கிரீஸ் தடவி அழுத்துங்கள். வண்டிக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். இன்சர்ட் கையழுத்தத்தில் ஏறவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். திசை மாறியிருக்கும், திருப்பிப் பாருங்கள்.

போல்ட்டுகள் ஒருமுறை நீண்டு பிடிக்கும் வகை, அதனால் புதிதாக வாங்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் கையால் திருகுங்கள். துளை பொருந்தாவிட்டால் இன்ஜினை நகர்த்துங்கள், போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். கடைசி இறுக்கத்துக்கு முன் தாங்கிய ஜாக்கியை இறக்கி, இன்ஜினைக் கையால் நாலைந்து முறை ஆட்டி அதன் இயல்பான இடத்தில் உட்கார விடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் 'இன்சர்ட் போட்டேன், வண்டி நடுங்குகிறது' என்ற புகார் பெரும்பாலும் வருகிறது. இன்ஜின் ஒருபக்கம் இழுத்த நிலையில் இறுக்கினால், புஷ் ஓய்விலும் நசுங்கியே இருக்கும்.

பிறகு டார்க் ரெஞ்ச் (குறித்த விசையில் இறுக்கும் ஸ்பேனர்). உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நியூட்டன் மீட்டரும், அதன்பின் கூடுதலாகத் திருப்ப வேண்டிய கோணமும் இருக்கும். போல்ட் தலையில் பெயின்ட் கோடு போட்டால் கோணம் தவறாது. 500 கிலோமீட்டருக்குப் பின் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நகராத போல்ட்டை மறுபடி இறுக்கக் கூடாது. ஐடில் நடுக்கம் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஓரளவு தணியும். முழுதாகப் போகாது.

கேள்வி: 2001 ஹோண்டா சிட்டி விடெக். பாலியூரித்தேன் புஷ் கிடைக்கவில்லை. பழைய மவுண்டுக்குள் யூரித்தேன் ஊற்றலாமா? (சென்னை வாசகர்)

பதில்: இன்ஜின் ஊசலாடாமல் பிடிக்கும் முன், பின் டார்க் மவுண்டுகளில் ஊற்றலாம். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டில் ஊற்றக் கூடாது. ரப்பர் கிழியாமல் இருப்பதும் அவசியம்.

இரண்டு பாக யூரித்தேனில் ஷோர் 60 ஏ வாங்குங்கள். இடைவெளியில் தண்ணீர் நிரப்பி, அதை ஊசிச் சிரிஞ்சில் உறிஞ்சினால் எத்தனை மில்லி வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் பத்து சதவீதம் கலக்குங்கள். பிறகு மவுண்டை நன்றாக உலர்த்தி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, ஒருபக்கத்தை டேப்பால் அடைத்து ஊற்றுங்கள். கலக்கும் விகிதத்தை டப்பாவில் உள்ளபடி எடைத்தராசில் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

சென்னையில் இதைக் கெடுப்பது காற்றின் ஈரம். யூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து வாயு விடும், உள்ளே நுரை மாதிரிக் குமிழிகள் நின்றுவிடும், அந்த மவுண்ட் சீக்கிரம் நொறுங்கும். மழை நாளில் ஊற்றாதீர்கள். அந்த ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், ஆகவே மொட்டைமாடி போன்ற திறந்த இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். ஒரே நாளில் கெட்டியானதுபோல் இருக்கும். டப்பாவில் சொன்ன முழு நாட்களும் கழியாமல் வண்டியில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எடுக்கிறார்களே, சரியா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். எரியும் ரப்பர் புகை நச்சு, அலுமினிய பிராக்கெட்டின் வலுவும் குறையும். நடு ரப்பரை டிரில்லால் துளைத்து வெளியே தள்ளுங்கள். வெளி இரும்பு வளையத்தை ஹேக்ஸா பிளேடால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்தால் இறுக்கம் தளர்ந்துவிடும். பிராக்கெட்டில் பிளேடு படுவதற்கு முன் நிறுத்துங்கள். புதியதை எம்12 திரெட் ராடும் வளையத்தின் விட்டத்துக்கேற்ற குழாய்த் துண்டும் வைத்து இழுத்து ஏற்றலாம். இல்லையேல் பக்கத்து லேத் பட்டறையில் பிரஸ் செய்து வாங்குங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் கோணலாகத்தான் உட்காரும்.

கேள்வி: போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர். இதே இன்சர்ட் எனக்கும் பொருந்துமா? (திருச்சி வாசகர்)

பதில்: உங்கள் மாடல் ஆண்டுக்கான பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். ஆனால் உங்களுடையது மூன்று சிலிண்டர். 750 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 19 துடிப்புதான், அதோடு இந்த வகை இன்ஜின் இயல்பிலேயே முனைக்கு முனை ஆடும். மெதுவான அந்த அதிர்வு உடம்புக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 70 ஏ-க்கு மேல் போகாதீர்கள். ரீமேப் செய்யாத வண்டி என்றால் புதிய ஒரிஜினல் டாக்போனே போதும்.