1793 படத்தில் கோயம்புத்தூர் ஏன் சிவப்பு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னிந்தியப் பழைய நிலப்படம் ஒன்று வாங்கினேன். அடியில் 1793 என்று அச்சாகியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்குச் சிவப்பு. சேலம், திண்டுக்கல்லோடு கோயம்புத்தூரும் சிவப்பாக இருக்கிறது. அப்போது அது திப்புவிடம் அல்லவா இருந்தது? போலியா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் (சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்), திண்டுக்கல், மலபார் கம்பெனிக்குப் போயின. கோயம்புத்தூர் 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் போனது. ஆனாலும் அவசரப்பட்டுப் போலி என்றுவிடாதீர்கள். கோடும் எழுத்தும் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டவை. வண்ணம் பிறகு தூரிகையால் தீட்டியது. தகட்டில் ஆண்டை மாற்றாமல், பல வருடம் கழித்தும் அதே தகட்டால் புதுத் தாளில் அச்சிட்டு, புது எல்லைப்படி வண்ணமிட்டு விற்றதுண்டு. ஆகவே தகட்டுக்கு ஒரு வயது, தாளுக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று.

முதலில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்தால் இக்கால அச்சு, அத்தோடு விஷயம் முடிந்தது. கோடு முழுசாக இருந்தால் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1794-க்குப் பிறகு இங்கிலாந்துத் தாள்களின் நீர்க்குறியில் ஆண்டு இருப்பது சகஜம். 1801 என்று தெரிந்தால் படம் அதற்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை. பழைய தாள் பிறகும் பயன்பட்டிருக்கலாம் என்பதால் எந்த ஆண்டுக்கு முன் அச்சாகவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும்.

பிறகு வண்ணம். அக்காலப் பச்சையில் செம்பு இருக்கும். அது தாளை மெல்ல அரித்து, பின்புறம் பழுப்பாகத் தெரியும். பச்சைக்குப் பின்னால் தாள் சுத்தமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மடிப்பில் விரிசல் விட்ட இடத்தையும் பாருங்கள். வண்ணம் விரிசலுக்குள் இறங்கி நார்களில் ஊறியிருந்தால், விரிசலுக்குப் பிறகு யாரோ தீட்டியது. ஈரப்பஞ்சால் தேய்த்துச் சோதிக்க வேண்டாம், கறை போகவே போகாது.

இத்தனையும் தேறினால் ஆற்காட்டைப் பாருங்கள். நவாபின் சீமை 1801-இல்தான் கம்பெனி வசமானது. அதற்கு முன் நவாப் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிர் நிலம் மட்டும் சிவப்பாக, சுற்றிலும் வேறு நிறம் இருக்க வேண்டும். கோவை சிவப்பு, ஆற்காடு வேறு நிறம் என்றால் 1799-க்கும் 1801-க்கும் நடுவே தீட்டியதாக இருக்கலாம். இரண்டும் சிவப்பென்றால் அதற்கும் பின்னால். வடக்கே பெல்லாரி, கடப்பையை நிஜாம் 1800-இல் விட்டுக்கொடுத்தார், அவற்றையும் ஒப்பிடுங்கள். வண்ணம் தீட்டியவர் கவனமின்றி எல்லை தாண்டியிருக்கலாம் என்பதால் ஒரே ஊரை வைத்து முடிவு கட்டக்கூடாது.

வண்ணம் அக்காலத்தையதே என்றால், என் கண்ணில் உங்கள் தாளுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. திப்புவின் காலத்துத் தகட்டில் அச்சான கோடுகளின் மேலேயே அவர் இழந்த நிலமும் வண்ணமாகப் பதிந்திருக்கிறது. ஆற்காட்டின் நிறத்தையும், பச்சை உள்ள இடத்தின் பின்புறப் புகைப்படத்தையும் அனுப்புங்கள்.